ஸ்கேன் நார்மல், வலிப்பு நிஜம்

ஒருவருக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. கை கால் உதறுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, சில நிமிடம் கழித்துத் தெளிந்து எழுகிறார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் நார்மல். தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி.யும் நார்மல். அன்று சாயங்காலமே வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார், இன்னும் என்ன கவலை?" என்பது ஒன்று. "அப்ப இவ்வளவு நாளும் நடிச்சாளா?" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

முதலில் ஒரு விஷயம். இரண்டும் நார்மலாக இருந்தும் கால்-கை வலிப்பு, அதாவது ஊரில் காக்கா வலிப்பு என்கிறார்களே, அது இருக்கலாம். இருபது முப்பது நிமிடம் எடுக்கும் சாதாரண இ.இ.ஜி. அந்த நேரத்து மூளையை மட்டுமே காட்டும். வலிப்பு வராத நேரத்தில் பலருக்கு அது சுத்தமாகவே இருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது வேறொன்று. மருத்துவர்கள் இப்போது அதைச் செயல்பாட்டு வலிப்பு என்கிறார்கள். பழைய சீட்டுகளில் ஹிஸ்டீரியா, சூடோ சீஷர் என்றெல்லாம் எழுதியிருக்கும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியும், அது வந்தவர்களுக்குக் கூடவே வரும் மறதி, மந்தம், கவனச் சிதறல் பற்றியும், இவற்றைப் புரிந்துகொள்ள மூளையைப் படம் பிடிக்கும் ஆய்வுகள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பது பற்றியும்.

கால்-கை வலிப்பில் நடப்பது மின்சாரக் கோளாறு. வழக்கமாக அவரவர் வேலையை அவரவர் தாளத்தில் செய்யும் நரம்பணுக்கள் திடீரென்று கூட்டமாக ஒரே வேகத்தில் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு பரவும் இடத்தைப் பொறுத்து உடல் உதறுகிறது, நினைவு தப்புகிறது. செயல்பாட்டு வலிப்பில் அந்த மின்கொந்தளிப்பு கிடையாது. ஆனாலும் உடல் உதறுகிறது, தன்னிலை தப்புகிறது, சம்பந்தப்பட்டவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை. கட்டுப்பாடு கையை விட்டுப் போவது உண்மை.

இரண்டையும் பிரித்தறிய இன்றைக்கு நம்பகமான வழி வீடியோ இ.இ.ஜி. நோயாளியை வார்டில் சேர்த்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, எதிரே கேமராவை வைத்து, வலிப்பு வரும்வரை சில நாள்கூடக் காத்திருப்பார்கள். வந்ததும் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். செயல்பாட்டு வலிப்பில் திரையில் தெரிவது முதல்முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். வீடியோவில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அசைவற்றுக் கிடக்கிறார். செவிலியர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், தோளைத் தட்டுகிறார், பதிலே இல்லை. பக்கத்தில் ஓடும் இ.இ.ஜி.யின் பின்பக்கக் கோடுகளில் நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை, ஒழுங்காக. அது விழித்திருக்கும் ஒருவர் கண்ணை மட்டும் மூடியிருக்கும்போது வரும் அலை. மயக்கத்திலோ, பெரிய வலிப்பு முடிந்த அயர்விலோ அப்படி வராது. மூளை விழித்திருக்கிறது, மனிதர் அங்கே இல்லை. இந்த முரணை விளக்கத்தான் இவ்வளவு ஆய்வும்.

வேறு அடையாளங்களும் உண்டு. கண் இறுக மூடியிருப்பது, தலை இடவலமாக ஆடுவது, உதறல் கூடிக் குறைந்து மறுபடி கூடுவது, இரண்டு நிமிடத்தைத் தாண்டி நெடுநேரம் நீள்வது ஆகியவை செயல்பாட்டு வலிப்பின் பக்கம் சாய்க்கும். நாக்கின் ஓரம் ஆழமாகக் கடிபட்டிருந்தால் கால்-கை வலிப்பின் பக்கம். ஆனால் எந்த ஒரு அடையாளமும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. முன்மூளையில் கிளம்பும் சில கால்-கை வலிப்புகள் பார்க்க விசித்திரமாக இருக்கும், தலைக்கு மேலே ஒட்டிய மின்முனையிலும் பிடிபடாது. அதனால் அனுபவமுள்ளவர் வீடியோ, இ.இ.ஜி., முன்கதை மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்: 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேருக்குக் கால்-கை வலிப்பும் இருந்தது.

கையில் சாவியைத் திணிக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கால்-கை வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் யாராவது ஓடிப்போய் இரும்பைத் தேடி எடுத்து வந்திருப்பார்கள், பெயர் இரும்புக்குப் போய்விடும். செயல்பாட்டு வலிப்புக்கும் சாவிக்கும் அதே உறவுதான்.

சரியான பெயர் கிடைக்கத் தாமதமாவதுதான் பெரிய இழப்பு. 2002-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், முதல் வலிப்புக்கும் சரியான கண்டறிதலுக்கும் இடையே சராசரியாக ஏழு ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. அந்த ஏழு ஆண்டும் பலர் தங்களுக்கு உதவாத வலிப்பு மாத்திரைகளை விழுங்குகிறார்கள். நெடுநேரம் நீளும் உதறலை ஆபத்தான தொடர் வலிப்பு என்று நினைத்து, தூக்க ஊசி மேல் ஊசி போட்டு, ஐ.சி.யு.வில் மூச்சுக்குழாய் வைத்த சம்பவங்களும் மருத்துவ இலக்கியத்தில் நிறைய உண்டு.

பழைய கேள்வி, புதிய இயந்திரம்

மூளையில் எங்கே கோளாறு என்ற தேடல் ஸ்கேனோடு பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஜான்-மார்ட்டின் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதே நோயாளிகளைத்தான் ஆராய்ந்தார். பல நரம்பு நோய்களில் இறந்தவரின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்துக் காயத்தைக் கண்டுபிடித்தவர் அவர். ஹிஸ்டீரியா என்று அன்று அழைக்கப்பட்டதில் மட்டும் எதுவும் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத, இயக்கத்தில் மட்டும் இருக்கும் காயம் ஒன்று இருக்க வேண்டும் என்றார். 1893-ல் அவர் இறந்தபோது அதைப் பார்க்கக் கருவி இல்லை. மனிதத் தலையிலிருந்து முதல் இ.இ.ஜி.யை ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்ததே 1924-ல்தான். இடையில், அடக்கிய மன வேதனைதான் உடலில் அறிகுறியாக வெளிவருகிறது என்ற ஃப்ராய்டின் விளக்கம் வந்து, விஷயம் நரம்பியல் வார்டிலிருந்து மனநலப் பக்கம் தள்ளப்பட்டது. அந்தப் பக்கத்திலும் முழுதாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்பதை இந்த நோயாளிகளைக் கேட்டால் சொல்வார்கள். நரம்பு டாக்டர் மனநல மருத்துவரிடம் போகச் சொல்வார். அவரோ, "இது வலிப்பு, நரம்பு டாக்டரைப் பாருங்கள்" என்பார்.

மறதி எங்கிருந்து வருகிறது?

வலிப்பைவிட இதுதான் அன்றாடத்தைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகும். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த சொல் நழுவும். புத்தகத்தில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தாலும் மண்டையில் ஏறாது.

காரணங்கள் பல, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பவை. வலிப்பு மாத்திரைகளே மந்தத்தைத் தரும். டோபிராமேட் சாப்பிடுபவர்களுக்குச் சொல் கிடைக்காமல் தடுமாறுவது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. தூக்கம் கெட்டிருக்கும். மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருக்கும். முன்பு தலையில் அடிபட்டிருக்கலாம். செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் கணிசமானோர் அப்படியொரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். இத்தனையையும் ஒதுக்கிய பிறகும் ஏதோ மிஞ்சுகிறது. சோதனை வைத்துப் பார்த்தால் கவனம், செயல்நினைவு, திட்டமிடல் ஆகியவற்றில் இவர்கள் ஆரோக்கியமானவர்களைவிடச் சராசரியாகக் குறைவாக எடுக்கிறார்கள். பல ஆய்வுகளில் கால்-கை வலிப்பு உள்ளவர்களின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

செயல்நினைவு என்பது, ஒரு தகவலைச் சில நொடிகளுக்குப் பிடித்து வைத்துக்கொண்டு அதை வைத்து வேலை செய்யும் திறன். அதை அளக்க ஒரு விளையாட்டு உண்டு. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து போகும். இப்போது வந்த எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததேதானா என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். க, ம, க என்று வந்தால் அழுத்தலாம். க, ம, ப என்று வந்தால் கூடாது. கேட்க எளிது. இரண்டு நிமிடம் செய்து பாருங்கள், நெற்றி வியர்த்துவிடும்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிசியா பாக்விஸும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், செயல்பாட்டு வலிப்புள்ள 19 பேரையும் ஆரோக்கியமான 20 பேரையும் இந்த மாதிரி விளையாட்டில் உட்கார வைத்தார்கள். நடுநடுவே கவனத்தைக் கலைக்க மனித முகங்கள் வந்து போகும்: கோபமான முகம், சிரித்த முகம், சாதாரண முகம். முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. முகம் வந்தால் நோயாளிகளின் ஆட்டம் தடுமாறியது; முகம் இல்லாவிட்டால் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். பிறகு எல்லோரையும் ஐஸ் தண்ணீரில் கையை விடச் சொன்னார்கள். உடலுக்கு மன அழுத்தத்தை வரவழைக்க ஆய்வுக்கூடங்களில் இது பழைய வழி. அதற்குப் பிறகு வைத்த சுற்றில், முகமே வராதபோதும் நோயாளிகள் பின்தங்கினார்கள். அழுத்தத்தின்போது கார்டிசால் ஹார்மோன் யாருக்கு அதிகமாக ஏறியதோ அவர்களுக்குச் சறுக்கலும் அதிகம். ஆரோக்கியமானவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை.

இந்தச் சிறிய ஆய்வை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், பழுது எந்த வகையானது என்று அது காட்டுவது. இவர்களிடம் செயல்நினைவு இருக்கிறது. அமைதியான நேரத்தில் வேலை செய்கிறது. அழுத்தம் ஏறும்போது இறங்கிவிடுகிறது. டிமென்ஷியா போல அணுக்கள் அழிந்து வரும் மறதியில் பொதுவாக இப்படி ஏறி இறங்காது. அதனால்தான் "நேற்று நல்லாத்தானே கணக்குப் பார்த்தே, இன்னிக்கு மட்டும் மறந்துபோச்சா?" என்ற சந்தேகப் பேச்சு இவர்களை விடாமல் துரத்துகிறது. மருத்துவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் துப்பு.

2018-ல் தியாகோ தியோடோரோ, மார்க் எட்வர்ட்ஸ், ஜெரமி ஐசக்ஸ் மூவரும் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். உடம்பில் என்ன நடக்கிறது, அடுத்த தாக்குதல் வருமோ, இப்போது நான் மறக்கிறேனோ என்று உள்ளே திரும்பிய கவனம் ஓயாமல் கண்காணித்துக்கொண்டே இருந்தால், வெளி வேலைக்கு மிஞ்சும் கவனம் குறையும். எளிய வேலைக்கே பெருமுயற்சி தேவைப்படுவதுபோல் தோன்றும். செயல்பாட்டு வலிப்பு போன்ற செயல்பாட்டு நரம்புக் கோளாறுகள், உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, நாள்பட்ட களைப்பு நோய் மூன்றிலும் ஒரே மாதிரி மந்தம் வருவதை இதை வைத்து விளக்கலாம் என்றார்கள். கருதுகோள்தான், ஆனால் நோயாளிகள் சொல்வதோடு பொருந்திப் போகிறது.

ஸ்கேனர் எதை அளக்கிறது

எம்.ஆர்.ஐ.யில் இரண்டு வகையைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மருத்துவமனையில் நமக்கு எடுப்பது அமைப்புப் படம். கட்டி, பழைய தழும்பு, ரத்தக்கசிவு, சுருக்கம் எல்லாம் அதில் தெரியும். செயல்பாட்டு வலிப்புள்ள பலருக்கு இது நார்மலாக வருவதில் ஆச்சரியம் இல்லை. ஏதாவது பழைய தழும்பு தெரிந்துவிட்டாலும் சிக்கல்; அதைக் காட்டி, "இதோ வலிப்புக்குக் காரணம்" என்று முடிவு கட்டிவிடுவதும் நடக்கிறது.

ஆய்வாளர்கள் எடுப்பது இன்னொரு வகை, எஃப்.எம்.ஆர்.ஐ. என்கிற இயக்கப் படம். மூளையில் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே ஆக்சிஜன் ஏந்திய ரத்தம் தேவைக்கும் அதிகமாகப் பாய்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தப் புலத்தைக் கலைக்கும் குணம் உண்டு. ஆக்சிஜன் நிறைந்ததற்கு இல்லை. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி மூளையின் வேலையைப் பார்க்கலாம் என்று 1990-ல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா காட்டினார். ஆக, எஃப்.எம்.ஆர்.ஐ. நேராக எண்ணத்தைப் பார்ப்பதில்லை, மின்சாரத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் போக்கைப் பார்க்கிறது. நரம்பணு துடித்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் அந்தச் சமிக்ஞை உச்சத்துக்கு வரும். மாற்றம் ஒரு சில சதவீதம்தான். கலர் கலராக வரும் படத்தில் அந்தக் கலர், புள்ளியியல் கணக்கு முடிந்த பிறகு கணினி பூசியது.

இன்னொரு கட்டாயமும் உண்டு. தலை ஓரிரு மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெட்டுவிடும். உடல் உதறும் வலிப்பை அந்தக் குழாய்க்குள் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் வலிப்பு வராத நேரத்து மூளையைத்தான் படம் எடுக்கின்றன. தலைப்புச் செய்திகளில் இது காணாமல் போய்விடும்.

வலிப்பு இல்லாத நேரத்தில் எதைப் பார்ப்பது? இங்கே உதவிக்கு வருவது 1995-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பரத் பிஸ்வால் கவனித்த ஒரு விஷயம். எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையில்கூட, இடது கையை அசைக்கும் பகுதியும் வலது கையை அசைக்கும் பகுதியும் ஒரே தாளத்தில் மெல்ல ஏறி இறங்குகின்றன. அதுவரை அதை இரைச்சல் என்று கழித்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒத்து ஏறி இறங்கும் பகுதிகளை ஒரு வலையமைப்பு என்று கொண்டு, எது எதோடு எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடுவதே ஓய்வுநிலை ஆய்வு.

ஒத்து ஏறி இறங்குவதை வைத்து மிகையாகவும் சொல்லிவிடக்கூடாது. எதிரெதிர் வீடுகளில் விளக்கு ஒரே நேரத்தில் அணைந்து ஒரே நேரத்தில் எரிந்தால், இரண்டு வீட்டுக்காரர்களும் போன் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றா அர்த்தம்? ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பார்கள். மூளை வரைபடத்தில் இரண்டு பகுதிக்கு நடுவே போடும் கோட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பதினொரு பேரின் மூளை

இப்போது நெதர்லாந்துக்கே திரும்புவோம். அங்கே ஹேஸ என்ற ஊரில் கெம்பன்ஹாகெ என்ற வலிப்பு மையம் இருக்கிறது. சில்வி வான் டெர் க்ராய்ஸும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. செயல்பாட்டு வலிப்புள்ள 11 பேர், ஆரோக்கியமான 12 பேர். நோயாளிகளில் வேறு மனநோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஸ்கேனருக்குள் இரண்டு வேலைகள் கொடுத்தார்கள்: படங்களைப் பார்த்து மனதில் பதிப்பது ஒன்று, நிறம் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை மற்றொன்று. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டினால், சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாய் தானாகப் படிக்கத் துடிக்கும், அதை அடக்க வேண்டும். கட்டுப்பாட்டுத் திறனை அளப்பது அங்கேதான். பிறகு சும்மா படுக்க வைத்து ஓய்வுநிலைப் படம். இவற்றோடு பொது அறிவாற்றல் சோதனையும், தன்னிலை விலகலை அளக்கும் கேள்வித்தாளும். தன்னிலை விலகல் என்றால், நான் என் உடம்புக்கு வெளியே நிற்பதுபோல, நடப்பது எனக்கு நடக்காததுபோல உணர்வது.

முடிவு எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. அறிவாற்றல் சோதனையில் நோயாளிகள் குறைவாகவே எடுத்தார்கள். விலகல் மதிப்பெண் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிந்தது. ஆனால் படம் பதிக்கும்போதும் நிறம் சொல்லும்போதும் ஸ்கேனரில் இரு குழுவுக்கும் கணிசமான வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் வந்தது ஓய்வுநிலைப் படத்தில். உணர்ச்சியோடும் உள்ளுடல் உணர்வோடும் சம்பந்தப்பட்ட இன்சுலா, கட்டுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட முன்மூளை, பக்கமூளைப் பகுதிகள், அசைவை இயக்கும் பகுதி ஆகியவை நோயாளிகளிடம் வழக்கத்தைவிட இறுக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்கின. யாருக்கு விலகல் மதிப்பெண் அதிகமோ அவர்களிடம் அந்த இணைப்பும் வலுவாக இருந்தது. உணர்ச்சி, கட்டுப்பாட்டைத் தாண்டி அசைவுக்குள் நேராகப் புகுந்துவிடுவதால் வலிப்பு போன்ற தாக்குதல் வரலாம் என்று ஆய்வாளர்கள் வாசித்தார்கள். 2014-ல் அதே குழு கூடுதல் ஆட்களை வைத்து வேறு கணக்குமுறையில் பார்த்தபோதும் கட்டுப்பாடு, அசைவு வலையமைப்புகளில் கூடுதல் இயக்கம் தெரிந்தது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு ஆய்வு 2010-ல் வாலரி வூன் குழுவினுடையது. அது வலிப்பைப் பற்றியதல்ல, செயல்பாட்டு நடுக்கத்தைப் பற்றியது. நடுக்கத்தை ஸ்கேனருக்குள் பிடிப்பது எளிது. எட்டு நோயாளிகள், தாமாக வரும் நடுக்கத்தையும் வேண்டுமென்றே அதேபோல் ஆட்டிக் காட்டும் நடுக்கத்தையும் மாறி மாறிச் செய்தார்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மூளைக்கு ஒன்றல்ல: தானாக வரும்போது வலது பக்கத்தில் பொட்டு மடலும் பக்க மடலும் சந்திக்கும் இடம் மந்தமாக இருந்தது. இதைச் செய்வது நான்தான் என்ற உணர்வுக்கு அந்த இடம் வேண்டும் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. "நடிக்கிறாள்" என்பவர்களிடம் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுதான், எட்டே பேர் என்றாலும்.

ஏன் உடனே கைதட்டக் கூடாது

பதினொரு பேர், எட்டுப் பேர் என்ற எண்களை நீங்களே கவனித்திருப்பீர்கள். சின்னக் குழுவில் தற்செயலான வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கணக்குப் போடும்போது, கவனமாக இல்லாவிட்டால் எங்காவது கலர் வந்தே தீரும். 2009-ல் கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். இத்தனை கட்டங்களைச் சோதிப்பதற்கான திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் "இயக்கம்" தெரிந்தது! திருத்தம் செய்ததும் மறைந்துவிட்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2012-ல் இதற்குக் கிடைத்தது. நகைச்சுவைதான், ஆனால் அதற்குப் பிறகு இந்தத் துறையில் பலர் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள்.

அடுத்து இன்சுலா. வலி, அருவருப்பு, பதற்றம், இதயத் துடிப்பைக் கவனிப்பது என எதைச் செய்தாலும் அது எழுந்து நிற்கும். இன்சுலா தெரிந்ததால் உணர்ச்சிதான் காரணம் என்று பின்னோக்கி முடிவு கட்டுவது எப்போதும் சந்தேகத்துக்குரியது. நோயாளிகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், சோர்வில் இருக்கலாம். அவையும் இணைப்பை மாற்றும். எது முதலில் வந்தது என்பதும் தெரியாது: அப்படிப்பட்ட இணைப்பு இருந்ததால் வலிப்பு வந்ததா, வருடக்கணக்கில் வலிப்போடு வாழ்ந்ததால் இணைப்பு அப்படியானதா?

இதற்காகத்தான் ஒப்பிடும் குழுவை மாற்றிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பர்மிங்ஹாமில் ஜெர்சி ஷாஃப்லார்ஸ்கியும், பிராவிடன்ஸில் கர்ட் லஃப்ரான்ஸும் சேர்ந்து, தலையில் அடிபட்டுச் செயல்பாட்டு வலிப்பு வந்தவர்களை, அடிபட்டும் அது வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆரோக்கியமானவரோடு ஒப்பிட்டால் காயத்தின் விளைவு எது, வலிப்பின் விளைவு எது என்று பிரிக்க முடியாது. இப்படி ஒப்பிட்டால் ஓரளவு முடியும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே ஆளை ஸ்கேன் செய்வது இன்னும் நல்லது. வலிப்பு குறைந்தவரிடம் இணைப்பும் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

சிகிச்சை என்று இன்று கையில் இருப்பதில் முக்கியமானது இதற்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை. லஃப்ரான்ஸின் முன்னோட்ட ஆய்வு 2014-ல் வந்தது, 38 பேர். அதில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் வலிப்பு எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. பிறகு பிரிட்டனில் 368 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தபோது, ஒரு வருட முடிவில் மாதாந்திர வலிப்பு எண்ணிக்கையில், வழக்கமான மருத்துவத்தோடு பேச்சுச் சிகிச்சையும் பெற்ற குழுவுக்கும் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற குழுவுக்கும் நிச்சயமான வித்தியாசம் இல்லை. ஆனால் வலிப்பு இல்லாமல் தொடர்ந்து கழியும் நாட்கள், அன்றாட வேலை, வாழ்க்கைத் தரம் போன்றவற்றில் சிகிச்சை பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். வலிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மனிதரைத் தவறவிடுவோம் என்று சிலர் சொன்னார்கள், சிலர் முடிவைக் கண்டு ஏமாந்தார்கள். மந்தமும் மறதியும் எவ்வளவு தேறுகிறது என்பதை முதன்மைக் கேள்வியாக வைத்து வந்த ஆய்வுகள் இன்னும் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. வேலைக்குத் திரும்ப முடியுமா, படிப்பைத் தொடர முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

இந்த ஆய்வுகள் எல்லாம் குழுவுக்குக் குழு ஒப்பிடுபவை. ஒரு தனி ஆளின் எஃப்.எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து இவருக்குச் செயல்பாட்டு வலிப்பு என்றோ இல்லை என்றோ இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. யாராவது பிரெய்ன் மேப்பிங் என்று ஒரு பேக்கேஜ் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால், அந்தப் பணத்தை வீடியோ இ.இ.ஜி.க்கு எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் செலவில்லாத ஒன்று இருக்கிறது: அடுத்த முறை வலிப்பு வரும்போது, ஆளைப் பாதுகாப்பாக ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, வேறொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, முகம் தெரியும்படி, கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது தெரியும்படி. நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் எந்த வகை என்று யோசித்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் போகும்போது வலிப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், மறதியையும் கவனச் சிதறலையும் தனியாகச் சொல்லி, நினைவாற்றல் சோதனை செய்து பார்க்கலாமா, மாத்திரைகளில் எதையாவது குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால்-கை வலிப்பும் சேர்ந்து இருக்கும் அந்த 22 சதவீதத்தில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.